வலது காலிலிருந்து ஒரு தாடை

கொடிகாமம் சந்தைக்குப் பிலாப்பழமும் மாங்காயும் கொண்டுவருகிறவர்களில் சாரத்தை மடித்துக் கட்டாதவர் சீவரத்தினம் ஒருவர்தான். மாரியில் ஒழுங்கை வெள்ளம் முழங்காலுக்கு வந்தாலும் அவருடைய சாரம் கணுக்காலைத் தொட்டபடியே நனைந்து கிடக்கும். மரத்தில் ஏறுகிறபோது ஒரு பழைய நீளக் காற்சட்டை போட்டுக்கொள்வார்.

"எங்கடை கோயில் ஐயரே கிணத்தடியிலை முழங்காலைக் காட்டுறார். உமக்கென்ன காணும், தங்கக் காலோ?" என்று அருளம்பலம் சந்தை முழுக்கக் கேட்கச் சொல்லுவார். அவரும் அதே தொழில்காரர். சீவரத்தினத்துக்குப் போட்டி. சீவரத்தினம் சிரிப்பார். அதோடு அந்தக் கதை முடிந்துவிடும்.

தொழில் என்றால் மரம் பார்ப்பது. வளவு வளவாகப் போய், மரத்தில் நிற்கிற காயை அப்படியே விலை பேசி, முற்றியதும் இறக்கிச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். சைக்கிளின் பின்னால் கயிறும் சாக்கும், பக்கத்தில் நீளமாகக் கட்டிய, காய் பறிக்கிற கொக்கைத்தடி. எட்டுகிற காயை விரல் மொளியால் தட்டிக் காது கொடுப்பார். எட்டாத காய்க்கு அண்ணாந்தபடி கொஞ்ச நேரம் நிற்பார், அவ்வளவுதான். கணிப்பு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

விலை சரிவந்தால் வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். தட்டத்தில் கை வைத்து ஒரு வெற்றிலையை எடுத்துவிட்டால் மரம் அந்த வருசத்துக்கு எடுத்தவருடையது. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. எடுக்காமல் எழும்பினால் விலை ஒத்துவரவில்லை என்று அர்த்தம். அடுத்த ஆள் வரலாம். சீவரத்தினம் ஒரு நாளைக்கு நாலு வீடு, ஐந்து வீடு போவார். நாலு வாய், ஐந்து வாய். புகையிலையும் சேர்த்து வலது கொடுப்புக்குள் அதக்கிக்கொண்டு முற்றத்தில் குந்தியிருப்பார். அது கரைந்து முடியும்வரை அங்கே இருக்கலாம். கிணறு வற்றினது, மகளின் கலியாணம், கனடாவில் இருக்கிற மகன் போன் எடுக்காதது என்று வீட்டுக்காரர் எதையாவது கதைப்பார்கள். அவர் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அம்மா இரண்டாயிரத்து நாலில் போனபிறகு அவருடைய வீட்டில் ஆர் கதைத்தாலும் அது றேடியோதான்.

அவர் போகாத படலை ஒன்று உண்டு. சந்தையிலிருந்து வடக்கே இறங்குகிற ஒழுங்கையில் மீனாம்பிகையின் வளவு. கிணற்றோரம் தேன்பிலா ஒன்று நிற்கிறது. அந்தப் பழத்தின் வாசம் வைகாசியில் மதிலைத் தாண்டி வரும். அந்த மரத்தை ஒவ்வொரு வருசமும் அருளம்பலம்தான் எடுப்பார், போட்டிக்கு ஆளில்லாததால் சிரித்துக்கொண்டே எடுப்பார். தொண்ணூற்றேழில் மீனாம்பிகையைச் சீவரத்தினத்துக்குக் கேட்டார்கள். சாதகம் பொருந்தியிருந்தது. அம்மா சேலைகூடப் பார்த்துவிட்டார். சீவரத்தினம்தான் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். காரணம் சொல்லவில்லை.

காரணம் இடது காலில் இருந்தது.

எண்பத்தேழில், இருபத்தொரு வயதில், மாமரமொன்றில் நின்று காய் பிடுங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வளவில் செல் குண்டு விழுந்தது. அவர் மரத்திலிருந்து விழவில்லை. தானாகவே இறங்கினார். இறங்கியபிறகுதான் கெண்டைக்கால் நனைந்திருப்பதைக் கண்டார். ஊர் டிஸ்பென்சறியில் தைத்தார்கள். உள்ளே இருந்த துண்டுகளை எடுக்க வழியில்லை, இருக்கட்டும் என்று விட்டார்கள். பிறகு வேறு காலம் வந்தது. ஆமிக்காரர் சென்றிக்குச் சென்றி பஸ்ஸிலிருந்து இறக்கி நிறுத்தினார்கள், விடியற்காலையில் ஊரைச் சுற்றி வளைத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினார்கள். காயம் இருந்தால் கேள்வி. கேள்வி இருந்தால் லொறி. காயம் எப்படி வந்ததென்று கேட்டவர்கள் எவரும் மாமரத்தை நம்புகிறவர்களாக இல்லை. அவருடைய வயதுக்காரர் சிலர் லொறியில் ஏறித் திரும்பி வரவேயில்லை. ஆகவே அவர் "இல்லை" என்று சொல்லப் பழகினார். காயம் இருக்கா? இல்லை. ஒருமுறை சாரத்தை உயர்த்தச் சொன்னபோது, கம்பிவேலி கிழித்தது என்றார். அந்தச் சிப்பாய் இளம் பெடியன், களைத்திருந்தான், போ என்று கையைக் காட்டினான். அதன்பிறகு சாரம் கீழேதான். ஒரு மனிசி வீட்டுக்கு வந்தால் காலைப் பார்ப்பாள். பார்த்தால் அவளுக்கும் பயம், அவளுடைய தமையன்மாருக்கும் பயம். அப்படித்தான் அவர் யோசித்தார். யோசித்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை.

சென்றிகள் போய்விட்டன. சாரம் மேலே ஏறவில்லை. அது ஏன் என்று கேட்க வீட்டில் ஆளுமில்லை.

அவருக்கு ஐம்பத்தேழு வயதில் வலது கொடுப்புப் பல் ஒன்று ஆடியது. பல் டொக்டர் பிடுங்கிவிட்டார். பிடுங்கிய இடம் ஆறவில்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார், ஒரு மாதம் கழித்துக் கறாம்பு வைத்தார், பிறகு சோற்றை இடதுபக்கத்துக்கு மாற்றினார். முற்றங்களில் வெற்றிலையையும் இடதுபக்கத்துக்கு மாற்றினார். பிலாக்காயைத் தட்டி உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிற மனிசன், தன் வாயை மூன்று மாதம் தட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் யாழ்ப்பாணம் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனபோது சதையில் ஒரு துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்று என்று வந்தது. எலும்புக்கும் இறங்கிவிட்டது.

சத்திரசிகிச்சை செய்கிற டொக்டருக்கு முப்பத்தெட்டு வயதுக்கு மேல் இராது. அவசரப்படாமல் கதைக்கிறவர். மேசையில் ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு இருந்தது. அதன் கீழ்த்தாடையில், நாடிக்குப் பக்கத்திலிருந்து காதுக்குக் கீழ்வரை, பேனையால் ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

"இவ்வளவும் எடுக்கவேணும் ஐயா. எடுக்கிறதிலை இரண்டு கதை இல்லை. எடுத்த இடத்திலை என்ன வைக்கிறது எண்டதுதான் கதை."

"ஒண்டும் வைக்காட்டி?"

"உயிருக்கு மோசமில்லை. ஆனால் மிச்சத் தாடை இந்தப் பக்கமா இழுபட்டுப் போகும். மேல் பல்லும் கீழ் பல்லும் சந்திக்காது. வாய்நீர் நிக்காது. கதைச்சால் விளங்கிறதும் கஷ்டம்."

பிறகு தகட்டைப் பற்றிச் சொன்னார். டைட்டானியத் தகடு ஒன்றை வளைத்து முடுக்கி, நெஞ்சிலிருந்து சதையைத் திருப்பி மேலே கொண்டுவந்து மூடுவது. கெதியில் முடியும், கெதியில் வீட்டுக்குப் போகலாம். ஆனால் பல் கட்ட ஏலாது. அந்தப் பக்கத்தால் இனிச் சப்ப ஏலாது. அதோடு கதிர் வைத்தியம் கொடுத்தபிறகு சிலருக்குத் தகடு தோலைத் துளைத்து வெளியே தெரியும், சிலருக்கு முறியும். மற்றது காலெலும்பு. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு. வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு உடம்பின் பாரத்தைப் பெரிதாகத் தாங்குவதில்லை. மேலேயும் கீழேயும் கொஞ்சம் விட்டு நடுவை, அதற்கு இரத்தம் கொடுக்கிற குழாயோடும் ஒரு கீலத் தோலோடும் சேர்த்து எடுத்து, தாடையைப் போல வெட்டிப் பொருத்தி, குழாயைக் கழுத்துக் குழாயோடு தைப்பது. பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம். சிலவேளை தைத்த குழாய் அடைபட்டால் திரும்பவும் உள்ளே போகவேண்டி வரும். பிடித்துவிட்டால் அது உயிருள்ள எலும்பு. பிறகொரு காலம் அதில் பல்லும் நடலாம்.

சீவரத்தினம் மண்டையோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இடுப்பெலும்பு, தோள்பட்டை எலும்பு எண்டும் இருக்கு" என்று டொக்டர் தொடங்கியபோது அவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, எது கனகாலம் காய்க்கும்?"

டொக்டர் சிரித்துவிட்டார். "காலெலும்புதான் ஐயா. உங்கடை கணக்கிலை சொன்னால், தகடு வெட்டி நட்ட கொப்பு. இது வேரோடை வைக்கிற கண்டு."

பக்கத்து அறையில் மதுஷா என்ற நேர்ஸ் படிவம் நிரப்பினாள். அவள் கேட்கக் கேட்க அவர் சொன்னார்.

"முந்தி ஏதும் ஒப்பரேசன்?"

"இல்லை."

"காயம், விபத்து?"

"இல்லை."

"உடம்புக்குள்ளை இரும்பு, தகடு, ஊசி ஏதும்?"

"இல்லை."

"அவசரமெண்டால் ஆருக்கு அறிவிக்கிறது?"

"இல்லை."

மதுஷா நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, இதுக்கு இல்லை எண்டு எழுதேலாது. ஆரும் ஒராளைச் சொல்லுங்கோ."

அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த போன் நம்பர் ஒன்றுதான். அருளம்பலத்தினுடையது, எந்த மரத்தை ஆர் எடுத்தது என்று சண்டை பிடிக்க எடுக்கிற நம்பர். அதைச் சொன்னார். "என்ன முறை?" என்று அவள் கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்து, "தெரிஞ்சவர்" என்றார்.

காலைக் காட்டச் சொன்னபோது சாரத்தின் வலது பக்கத்தை முழங்கால்வரை உயர்த்தினார். இடதை ஒரு சாண் மட்டும். இளம் டொக்டர் ஒருவர் பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார். இடதில் திரும்பவும் வைத்துப் பார்த்தார். "இந்தப் பாதம் குளிரா இருக்கே ஐயா?" என்றார்.

"அது எப்பவும் குளிர்தான்."

இரண்டு காலுக்கும் குழாய் தெரிகிற மாதிரி மருந்து ஏற்றி ஸ்கான் எடுத்தார்கள். அடுத்த கிழமை டொக்டர் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"வலது தாடைக்கு இடது கால்தான் வாகா வரும் எண்டு நினைச்சிருந்தன். இதைப் பாருங்கோ."

கறுப்பில் இரண்டு கால்கள். வலதில் முழங்காலுக்குக் கீழே மூன்று வெள்ளைக் கொப்புகள் பாதம்வரை போயின. இடதில் இரண்டுதான் போயின. மூன்றாவது பாதி வழியில் நின்றது. அது நின்ற இடத்தில் பல்லளவில் இரண்டு துண்டுகள், மற்ற எல்லாவற்றையும் விட வெள்ளையாக.

"என்ன ஐயா இது?"

"கம்பிவேலி கிழிச்சது."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவருக்குக் கேட்டது. டொக்டர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

"கம்பிவேலி எலும்புக்குப் பக்கத்திலை போய்க் குந்தாது. இதைக் காணாமல் இந்தக் காலிலை கை வைச்சிருந்தால், இருக்கிற இரண்டு குழாயிலை ஒண்டையும் நான் எடுத்திருப்பன். பாதம் கறுத்திருக்கும். தாடையைத் தந்து காலை எடுத்திருப்பம்."

சீவரத்தினம் நிலத்தைப் பார்த்தார்.

"இனி வலது கால் இருக்கு. அது வடிவான கால். ஆனால் நீங்கள் இவ்வளவு காலமும் அதிலைதான் பாரம் போட்டிருக்கிறியள், தெரியுமோ? அதையும் வெட்டினால் நடக்கிறதுக்குக் கனநாள் எடுக்கும். தடி தேவைப்படலாம். மரம் ஏறுறது சரிவராது. சைக்கிள்... பாப்பம். இல்லையெண்டால் தகடு. யோசிச்சு வாற வெள்ளிக்கிழமை சொல்லுங்கோ. அதுக்கு மேலை பிந்தேலாது."

வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

அவர் யோசித்தார் என்பதை விட, ஒத்திகை பார்த்தார் என்றுதான் சொல்லவேண்டும். முதல் மூன்று நாளும் சப்புகிற சாப்பாடு எதையும் தொடவில்லை. தகடு வைத்தால் எப்படியிருக்கும் என்று அறிய வெறும் கஞ்சி, கூழ், கரைத்த பாண். ஞாயிறு காலை சந்தையில் அருளம்பலம் வடையை நீட்டினார். வேண்டாம் என்றார். "என்ன காணும், விரதமோ? எந்தச் சாமிக்கு?" என்று கேட்டுவிட்டு அருளம்பலம் தானே தின்றார். வேறெவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் முடிவில் சீவரத்தினத்துக்கு ஒன்று விளங்கியது. கஞ்சி குடித்து வாழலாம். அவருடைய வீட்டில் அவர் என்ன சாப்பிடுகிறார் என்பது எவருக்கும் தெரியாது, முந்தியும் தெரியாது.

நாலாம் நாள் வலது காலோடு ஒரு பூவரசந்தடியை வைத்து, துவாயால் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை இறுக்கிக் கட்டினார். அந்தக் காலை மடக்க முடியாது. அப்படியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்து, ஏறி, இடது காலால் மட்டும் மிதித்துப் பார்த்தார். பத்து யார் தூரம் போனது. வேலியோடு சாய்ந்து, கொக்கைத்தடியும் கயிறும் சாக்கும் மேலே வந்து விழ, வடலிக்குள் கிடந்தார். இரண்டு வீட்டுக்காரர் ஓடிவந்தார்கள்.

"என்ன அண்ணை, காலிலை என்ன தடி?"

"சும்மா. பாத்தனான்."

"என்னத்தைப் பாத்தனியள்?"

வேலியைப் பிடித்து எழும்பினார். அவர்கள் சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்து, சாக்கை மடித்து வைத்து, போகும்போது தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

ஆறாம் நாள் இரவு முடியும்வரை அவர் தகட்டின் பக்கம்தான் நின்றார். கால்தான் அவரை மனிசரிடம் கொண்டுபோகிறது. கால் இல்லாமல் முற்றம் ஏது. ஆனால் வெள்ளிக்கிழமை காலை, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது, முதல்முறை வந்த அன்று தான் செய்த ஒன்று அவருக்கு ஞாபகம் வந்தது. அன்று வெளியே இரண்டு வாங்குகள் இருந்தன. ஒன்றில் ஆறு பேர் நெருங்கி இருந்தார்கள். மற்றதில் ஒருவர் தனியாக. கீழ்த்தாடையில் பாதி இல்லாதவர், முகம் ஒருபக்கம் உள்ளே போயிருந்தது. வாயில் ஒரு துவாயை அழுத்திப் பிடித்தபடி, வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டுக்கொண்டிருந்தார். சீவரத்தினம் அவரைப் பார்த்தார். அவர் விட்ட இடத்தையும் பார்த்தார். பிறகு போய் ஆறு பேர் இருந்த வாங்கில் ஏழாவது ஆளாக நெருக்கிக்கொண்டு இருந்தார்.

கால் ஏலாதவன் விழுந்தால் ஓடிவருகிறார்கள். வாய் போனவனுக்குப் பக்கத்தில் அவரே அன்று இருக்கவில்லை.

"காலை எடுங்கோ தம்பி. வலதை" என்றார் டொக்டரிடம்.

வார்டில் சேர்க்கிற அன்று மதுஷாதான் இருந்தாள். புதுப் படிவம், அதே கேள்விகள்.

"காயம், விபத்து?"

அவர் சாரத்தைப் பிடித்து இடது முழங்கால்வரை உயர்த்தினார். முப்பத்தாறு வருசமாக வெயில் படாத தோல் வெளிறிப்போயிருந்தது. தைத்த இடம் வேர் மாதிரி மேடாக ஓடியது.

"செல் பட்டது. எண்பத்தேழு. பீஸ் உள்ளுக்கை இருக்கு. ரண்டு."

மதுஷா எட்டிப் பார்த்தாள். "எங்கடை அப்பாவுக்கும் இருக்கு. முதுகிலை. மழை வரப்போகுதெண்டால் வானிலைக்காரருக்கு முதல் அவர் சொல்லிப்போடுவார்" என்றாள். எழுதினாள். "சீனி வருத்தம் இருக்கோ?"

அவ்வளவுதான். வயதை எழுதுகிற நேரம்தான் அதற்கும் எடுத்தது. அவர் சாரத்தை இறக்க மறந்து, சீனி இல்லை, பிறஷர் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டிலில் வந்து படுத்தபிறகுதான், உலகத்தில் ஆருக்கும் தெரியக்கூடாது என்று ஒரு கலியாணத்தையே விட்டுக் காத்த பொருள், ஒரு படிவத்தின் அரை வரிக்குள் அடங்கிவிட்டதென்பது அவருக்கு உறைத்தது. பாரம் இறங்கினது போலத்தான் இருந்தது. இறங்கின இடம் வெறுமையாகவும் இருந்தது.

பதினொரு மணித்தியாலம் எடுத்தது. கண் விழித்தபோது கழுத்தில் மூச்சுக்கு ஒரு குழாய், மூக்கில் சாப்பாட்டுக்கு ஒரு குழாய், வலது காலில் முழங்கால்வரை கட்டு. குரல் இல்லை. நேர்ஸ்மார் மணிக்கு மணி வந்து வாய்க்குள் வெளிச்சம் அடித்து, உள்ளே தைத்திருந்த கால்தோலின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாய்க்குள் ஒரு துண்டுத் தோலில் மயிர் முளைத்திருந்தது, காலில் முளைக்கிற அதே மயிர். நாக்கு போய் அதைத் தொட்டுவிட்டு, அந்நியர் வீட்டுக்குள் நுழைந்தது போலப் பின்வாங்கியது.

மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் அருளம்பலம் வந்தார். கையில் ஒரு தோடம்பழப் பை. கட்டிலைக் கண்டதும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியிலை இருந்து போன் வந்தது. சீவரத்தினத்தின்ரை ஆள் நீங்களோ எண்டு கேட்டவை. நான் பயந்துபோனன். எந்த மரத்திலை பிழை விட்டனோ எண்டு."

சீவரத்தினத்தின் கையில் ஒரு கொப்பி கொடுத்திருந்தார்கள். பேனையை எடுத்து எழுதிக் காட்டினார். அருளம்பலம் கொப்பியைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"கண்ணாடி கொண்டரேல்லை. பெரிசா எழுதும்."

பெரிதாக எழுதினார். அப்போதும் தெரியவில்லை. "சரி சரி, நான் கதைக்கிறன், நீர் தலையை ஆட்டும்" என்று அருளம்பலம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, இந்த முறை கறுத்தக் கொழும்பான் மாங்காய்க்கு விலை இல்லாததையும், லொறிக்காரனின் நொட்டைச் சொல்லையும், தன் முழங்கால் வலியையும் மணி அடிக்கும்வரை சொன்னார். முப்பது வருசத்தில் அவர்கள் இருவரும் சண்டை இல்லாமல் இருந்த முதல் ஒரு மணித்தியாலம். போனபிறகு கொப்பியில் பெரிய எழுத்தில், *நாங்கள் சண்டை பிடிச்ச அந்த ஸ்கூல் ரோட்டு மாமரத்தை நீர் எடும்* என்று இருந்தது. அருளம்பலம் அதை வாசிக்காமலே போய்விட்டார். அடுத்த நாள் வருவேன் என்றார். வந்தது எட்டு நாள் கழித்து.

குழாய்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எலும்பு பிடித்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். பிறகு ஆறு கிழமை கதிர். வாய் வறண்டு, உப்பும் புளியும் ஒன்றாகி, பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. பல் நடுவதற்கு இன்னும் ஒரு வருசம் பார்க்கவேண்டும் என்றார்கள். வெற்றிலை இனி ஆயுளுக்கும் இல்லை. வலது காலில் கணுக்காலுக்கு மேலே தோல் ஒட்டிய இடத்தில் சாரத்தின் கரை உரசக்கூடாது, காற்றுப் படவேண்டும் என்று மதுஷா கண்டிப்பாகச் சொல்லியனுப்பினாள்.

ஆகவே சீவரத்தினம் சாரத்தை மடித்துக் கட்டினார்.

அடுத்த வைகாசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்தைக்கு வந்தார். கொக்கைத்தடி இருந்த இடத்தில் ஊன்றுதடி கட்டியிருந்தது. மரம் ஏற ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளலாம், மரம் பார்க்க அவர் ஒருவரே போதும். இரண்டு கால்களும் முழங்கால்வரை வெளியே. வலதில் புதிதாக, சிவப்பாக, நீளமாக. இடதில் பழையது. அவர் காத்திருந்தார், ஆராவது கேட்பார்கள் என்று. எல்லாரும் வலதைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்து, "பரவாயில்லை, வடிவாத்தான் வைச்சிருக்கிறாங்கள்" என்றார்கள். அவர் சொல்கிறதற்கு, "என்ன?" என்று இரண்டு தரம் கேட்டார்கள். மூன்றாம் தரம் விளங்கினது போலத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். இடது காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

முற்றங்களில் வெற்றிலைத் தட்டம் நீட்டினார்கள். எடுக்காவிட்டால் மரம் கைவிட்டுப் போகும். எடுத்தால் போட ஏலாது. அவர் ஒரு வெற்றிலையை மட்டும் எடுத்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார். முந்தியெல்லாம் அது கரையும்வரை இருக்கலாம். இப்போது எடுத்துப் பையில் வைத்ததும் எழும்பவேண்டியதாக இருந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்து பையிலிருந்து எடுத்து யன்னல் விளிம்பில் வைப்பார். நாலு வீடென்றால் நாலு. மறுநாள் அவை சுருண்டிருக்கும்.

ஒருநாள் மத்தியானம் வடக்கு ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தார். தேன்பிலா வாசம். எத்தனையோ வருசம் மூச்சைப் பிடித்துக் கடந்த மதில். கால் களைத்திருந்தது, நின்றார். படலை திறந்துதான் இருந்தது.

மீனாம்பிகை கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. புருசன் போய்ப் பத்து வருசம், மகள் உடுப்பிட்டியில் படிப்பிக்கிறாள் என்பதெல்லாம் அருளம்பலம் கேட்காமலே சொன்னவை.

"மரம் பாக்க வந்தனான்" என்றார். வாய் வழுக்கியது. மீனாம்பிகை "என்ன?" என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி, முதலில் முகத்தைப் பார்த்தார், பிறகு வலது காலை, பிறகு இடது காலை. அங்கே நின்றார்.

"இது ஒப்பரேசன். கேள்விப்பட்டனான். அது?"

"செல்."

"எப்ப?"

"எண்பத்தேழு."

வாளித் தண்ணீர் வழிந்து பாத்தியில் ஓடிக்கொண்டிருந்தது. மீனாம்பிகை மனதுக்குள் எண்பத்தேழிலிருந்து தொண்ணூற்றேழுக்கு வருகிற நேரம் அது.

"அதுக்கோ?" என்றார் கடைசியில்.

"ஓம்."

"அதுக்கோ" என்றார் திரும்பவும். இந்தமுறை அது கேள்வி இல்லை. முகத்தைத் திருப்பி வாளியை எடுத்து நேரே வைத்தார். பிறகு உள்ளே போனார்.

சீவரத்தினம் பிலாவடிக்குப் போனார். கைக்கெட்டுகிற காய் ஒன்றை மொளியால் தட்டினார். இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. மீனாம்பிகை தட்டத்தோடு வந்து, கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். கொழுந்து வெற்றிலை மட்டும்தான், சப்ப ஏலாதவருக்குப் பாக்கு வைக்கவில்லை. சீவரத்தினம் ஒன்றை எடுத்துப் பையில் வைத்தார்.

"விலை கதைக்கேல்லையே?"

"அடுத்த கிழமை வாறன். காய் முத்தட்டும்."

"அருளம்பலத்தாருக்கு என்ன சொல்லுறது?"

"அவருக்கு நான் சொல்லுறன். போனிலை சண்டை பிடிச்சுக் கனகாலம்."

அவர் சொன்னதில் பாதிதான் சொல்லாக வந்தது. மீனாம்பிகை தலையாட்டினார், விளங்கித்தான். இருக்கச் சொல்லவில்லை. அவரும் இருக்கவில்லை. படலைக்கு வெளியே வந்து சைக்கிளில் சாய்ந்தபடி ஒரு நிமிசம் நின்றார். வெயில் உச்சியில் எரிந்தது. ஒழுங்கையில் ஒரு சனமும் இல்லை. வலது கால் கடுத்தது. இடது பாதம், அந்த வெயிலிலும், வழக்கம்போலக் குளிர்ந்திருந்தது.